மீனில் எழுதிய பெயர்

சென்ற மாதம் ஓர் அலுவலாகக் கண்டிக்குப் போயிருந்தேன். அலுவல் முடிந்த மாலைப்பொழுதில், விடுதி அறைக்குள் அடைபட்டிருக்க மனமின்றிக் கெட்டம்பேயில் மகாவலிக் கரையை நோக்கி நடந்தேன். பேராதனைப் பூந்தோட்டத்தைக் கைவளைத்து அணைப்பதுபோலச் சுற்றிவரும் ஆறு, அவ்விடத்தில் வேகந் தணிந்து, மங்கும் வெயிலை மேலே தாங்கிக்கொண்டு மெல்ல நகர்ந்தது. மூங்கிற் புதர் ஒன்றின் அடியில் முதியவர் ஒருவர் தூண்டிலிட்டு அமர்ந்திருந்தார்.

"என்ன ஐயா, மீன் ஏதும் அகப்பட்டதா?" என்று பேச்சுக் கொடுத்தேன்.

"எங்க தம்பி! வந்தா திலாப்பியாதான் வருது. முன்னெல்லாம் பாறைச் சந்திலே கடயா கிடக்கும். கல்லோட ஒட்டிக்கிட்டுக் கல்பாண்டியா இருக்கும். இப்ப அதெல்லாம் கண்ணிலே படுறதே இல்ல."

அருகே அமர்ந்தேன். அவர் பிறந்து வளர்ந்தது அக்கரப்பத்தனைத் தோட்டத்தில். தம் தகப்பனார் துரைமாருக்குத் தூண்டிற் கோல் சுமந்தவர் என்று சொன்னார்.

"துரை பிடிச்ச மீனைக் காயவச்சுப் பாடம்பண்ணி, கண்ணாடிப் பெட்டியிலே வச்சு, கீழே பித்தளைத் தகட்டிலே அவர் பேரை வெட்டி பங்களாச் சுவத்திலே மாட்டியிருந்தாங்க தம்பி. நான் சின்னப் பிள்ளையிலே எட்டிப் பார்த்திருக்கேன். மீனுக்குப் பெட்டி இருந்திச்சு, துரைக்குத் தகடு இருந்திச்சு. ஆத்துக்குத்தான் ஒண்ணுமில்ல."

அவர் வெகு சாதாரணமாகச் சொன்ன இந்த வார்த்தை என் நெஞ்சில் முள்ளெனத் தைத்தது. மீனுக்கும் ஆற்றுக்கும் தொண்டாற்றியவர் என்று நாம் யாரைக் கொண்டாடுகிறோம்? பிடித்தவரையா, காத்தவரையா? இரு சாராரின் கதையும் அக்கரப்பத்தனையை ஊடறுத்து வரும் ஒரே நீரோடையின் கரையில் நிகழ்ந்திருக்கிறது என்பதுதான் விந்தை. ஆக்ரா ஓயா என்பது அதன் பெயர். ஹோர்ட்டன் சமவெளிப் பக்கத்து மலைகளில் ஊறி, கொத்மலை ஓயாவிற் கலந்து, பின் மகாவலியோடு கூடி, கம்பளை கடந்து கண்டிக்கு வந்து, அந்த முதியவரின் தூண்டில் மிதப்பை அசைத்துவிட்டுப் போகின்ற நீர் அந்த ஓடையின் நீருந்தான்.

முதலிற் பிடித்தவர் கதையைப் பார்ப்போம். சாமன் என்னும் மீன் நம் நாட்டு ஆறுகளில் இல்லை. கடையிலே டின்மீனைச் 'சமன்' என்று கேட்டு வாங்குகிறோமே, அந்தத் தகரத்துக்குள் இருப்பதும் பெரும்பாலும் வேறொரு கடல்மீனே. ஆனால் சாமனின் நெருங்கிய உறவாகிய ட்ரௌட் மீன் நம் மலைநாட்டுக்கு வந்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிறது. 1882 ஆம் ஆண்டில் ஹபர்ட் என்னும் ஆங்கிலேயர் பழுப்பு ட்ரௌட்டைக் கப்பல்வழி கொணர்ந்து நுவரெலியா நீர்நிலைகளிற் புகுத்தினார். தாயகத்து ஆற்றங்கரையில் தூண்டிலிட்டுப் பழகிய தோட்டத்துரைமாருக்கு, குளிர்ந்த இந்த மலையில் அந்த மீன் ஒன்றே குறையாக இருந்தது போலும்! 1896 இல் நுவரெலியாவில் ஒரு மீன்பிடிக் கழகமும் தோன்றியது. பொரிப்பகம் அமைத்தார்கள்; ஓடைகளில் ஆண்டுதோறும் குஞ்சு விட்டார்கள். பழுப்பு ட்ரௌட் இங்கே தானாக இனம் பெருக்கவில்லை. பின்னால் வந்த வானவில் ட்ரௌட்டோ ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளில் வேரூன்றிவிட்டது.

இத்தனை முயற்சியையும் வெறும் விளையாட்டு என்று தள்ளிவிட நான் துணியேன். ட்ரௌட் வாழவேண்டுமாயின் நீர் குளிர்ந்திருக்க வேண்டும்; தெளிந்திருக்க வேண்டும். ஆகவே, தம் மீனின் பொருட்டாவது ஓடை கலங்காதிருக்க வேண்டும் என்று அவர்கள் விரும்பியிருப்பார்கள். ஆயினும், எந்த மீன் இல்லையென்று அவர்கள் ஏங்கினார்களோ அதைக் கொண்டுவந்த அவசரத்தில், அங்கே முன்னமே எது இருக்கிறது என்று பார்க்க மறந்தார்கள். ஹோர்ட்டன் சமவெளியின் ஓடைகளில் உலகத்தில் வேறெங்கும் காணப்படாத ஒரு சிறு நன்னீர் இறால் வாழ்கிறது. நாட்டு மீன் எதுவுமற்ற அந்த உயர்ந்த நீரில் தனக்குப் பகையில்லாமல் வாழ்ந்த அந்த இறாலுக்கு, வந்தேறிய ட்ரௌட் ஆபத்தாயிற்று என்று ஆய்வாளர்கள் கவலை கொள்கிறார்கள். பித்தளைத் தகட்டில் எழுதாமல் விடப்பட்ட கணக்கு இது.

இனிக் காத்தவர் கதை. ரொகான் பெத்தியாகொடை என்பவரை அறிவியல் உலகம் நன்கு அறியும். படித்தது பொறியியல், மனம் படிந்ததோ ஓடை மீன்களில். 1990 இல் வனவுயிர் மரபைப் பேணும் அறக்கட்டளை ஒன்றை நிறுவி, மறு ஆண்டே இலங்கையின் நன்னீர் மீன்களைப் பற்றிய பெருநூலொன்றை வெளியிட்டார். நூல் எழுதியதோடு அவர் நிற்கவில்லை. மீனைக் காப்பதென்றால் ஓடையைக் காக்கவேண்டும். ஓடையைக் காப்பதென்றால் அது ஊறும் காட்டைக் காக்கவேண்டும் என்று கண்டு, மேலே மேலே ஏறிச் சென்று அக்கரப்பத்தனையை அடைந்தார். அங்கே, தேயிலை கைவிடப்பட்டுக் கிடந்த நிலத்தை மீண்டும் முகிற்காடாக மாற்றும் பணியில் இறங்கினார். அந்தப் பணிக்காகவே 2000 ஆம் ஆண்டின் ரோலெக்ஸ் விருதுகளில் ஒன்று அவருக்குக் கிடைத்தது. 2022 இல் இலண்டன் லின்னேயன் சங்கம் தன் பதக்கத்தை அவருக்கு அணிவித்தது.

முகிற்காடு என்றால் என்னவென்று மலைநாட்டார்க்கு விளக்க வேண்டியதில்லை. மழை பெய்யாத நாளிலும் மூடுபனியை இலையிலும் பாசியிலும் வடித்தெடுத்துச் சொட்டுச் சொட்டாக மண்ணுக்கு ஊட்டும் காடு அது. மண் அதைச் சேமித்து, கோடையிலும் ஓடைக்குக் கொடுக்கிறது. 5000 அடிக்கு மேற்பட்ட காடுகளை அழிக்காது விடுமாறு தாவரவியல் அறிஞர் ஹூக்கர் கூறிய அறிவுரையை ஏற்று, 1873 இலேயே அரசாங்கம் கட்டளை பிறப்பித்ததும் இந்த உண்மையை அறிந்துதான்.

பதக்கமும் பரிசும் ஒரு வகைப் பெருமை. அறிவியலார் வழங்கும் பெருமை வேறொன்று உண்டு. புதிதாகக் கண்ட உயிருக்கு, தாம் மதிக்கும் ஒருவரின் பெயரைச் சூட்டுவது அது. 1991 இல் பெத்தியாகொடையும் கொட்டலா என்னும் சுவிட்சர்லாந்து அறிஞரும், அம்பன் கங்கை வடிநிலத்தில் வாழும் ஒரு கெண்டையினத்தை உலகுக்கு அறிவித்தபோது, அதற்கு மார்ட்டென்ஸ்டைன் என்பவரின் பெயரை இட்டார்கள். செட்ரிக் மார்ட்டென்ஸ்டைன் கடற்படை அதிகாரி. ஆனால் ஆற்று மீன்களிற் பேரன்பு கொண்டவர். 1996 இல், போர்க்கால வான்பயணம் ஒன்றில் அவர் கடல்மேற் காணாமற் போனார். அவர் பெயர் மட்டும் இன்று நக்கிள்ஸ் மலைச் சாரலின் நீரோடைகளில் உயிரோடு நீந்துகிறது.

பெத்தியாகொடைக்கும் அதே பெருமை வாய்த்தது. 'தித்தையா' என்று சிங்களத்தில் வழங்கும் சிறு செந்நிற மீனை 1929 இல் தெரணியகல அறிவியலுக்கு அறிமுகஞ் செய்திருந்தார். உலகெங்கும் கண்ணாடித் தொட்டிகளில் வளர்க்கப்படும் இந்த அழகு மீன், பிறப்பால் இலங்கைக்கே உரியது. 2023 இல், பேராதனைப் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய ஆய்வாளர்கள் அதைத் தனிப் பேரினமாக வகுத்து, 'ரொகானெல்லா' என்று பெயர் சூட்டினார்கள். கண்டியின் ஆற்றங்கரைக் கல்விக்கூடத்திலே பயின்ற இளையவர்கள், ஆறுகளின் வரலாற்றை எழுதிய மூத்தவருக்குச் செலுத்திய காணிக்கை இது.

பித்தளைத் தகட்டுப் பெருமைக்கும் இந்தப் பெருமைக்கும் உள்ள வேற்றுமையை வாசகர் எண்ணிப் பார்க்கவேண்டும். அங்கே மீன் செத்ததனால் மனிதன் பெயர் நின்றது. இங்கே மீன் வாழும்வரையிலேதான் மனிதன் பெயர் வாழும். அந்த இனம் அழிந்துபட்டால், சூட்டிய பெயர் கல்லறை எழுத்தாகிவிடும். ஆகவே, ஒருவரின் பெயரை ஒரு மீனுக்கு இடுகின்ற சமுதாயம், அந்த மீனின் ஓடையைக் காப்பதாக ஒரு வாக்குறுதியும் கொடுத்துவிடுகிறது.

கடல்கடந்த நாடுகளிலும் உண்மையான பெருமை காத்தவர்க்கே சென்றிருக்கிறது. ஐஸ்லாந்தைச் சேர்ந்த ஓரி விக்ஃபூசன் ஒரு வணிகர். அட்லாந்திக் சாமன் அருகி வருவதைக் கண்டு, மீனவரைத் திட்டாமல், அவர்களிடமிருந்து வலைவீசும் உரிமையைப் பணங்கொடுத்து வாங்கி, மீன் தடையின்றி ஆறேற வழி செய்தார். 2007 இல் அவருக்குக் கோல்ட்மன் சுற்றுச்சூழற் பரிசு கிடைத்தது. அமெரிக்காவில் நிஸ்குவாலி என்னும் தொல்குடியிற் பிறந்த பில்லி பிராங்கு, தம் மூதாதையர் ஆற்றில் சாமன் பிடிக்கும் உரிமைக்காகப் பதினான்கு வயதிலே முதன்முறை கைதானார். பின்னும் ஐம்பது முறைக்கு மேற் பிடிபட்டார். 1974 இல் நீதிமன்றம் தொல்குடியினர் பக்கம் தீர்ப்பளித்தது. அதன்பின் அவர் வாழ்நாளெல்லாம் ஆற்றைச் செப்பனிடுவதிலே கழிந்தது. 2014 இல் அவர் மறைந்தார்; மறு ஆண்டு அந்நாட்டின் மிக உயர்ந்த குடிமக்கள் பதக்கம் அவர் பெயருக்கு வழங்கப்பட்டது. முன்பு விலங்கு மாட்டிய அரசே பின்பு பதக்கம் மாட்டியது!

மீண்டும் கண்டிக்கு வருவோம். கண்டி வாவியிலிருந்து வழியும் நீர் மெத எல என்னும் கால்வாயாகி, நகரத்தின் அழுக்கையெல்லாம் சுமந்து மகாவலியில் விழுகிறது. கொஹாகொடையில் நகரக் குப்பை மேடு ஆற்றின் அருகிலேயே பல்லாண்டுகளாக வளர்ந்தது. கழிவுநீரைத் தூய்மையாக்கும் நிலையமொன்று யப்பானியக் கடனுதவியோடு கன்னொறுவையில் எழுந்திருப்பது ஓர் ஆறுதல். ஆனால் வீட்டுக்கு வீடு கைநழுவ விடும் பையும் போத்தலும் எந்த நிலையத்தையும் கேட்டுக்கொண்டு ஆற்றில் விழுவதில்லை.

இந்த நீர் எங்கே போகிறது தெரியுமா? கண்டிக்குச் சற்றுக் கீழே பொல்கொல்லையில் 1976 முதல் ஓர் அணை நிற்கிறது. அங்கே மகாவலியின் ஒரு பகுதி, மலையைக் குடைந்த ஏறக்குறைய 8 கிலோமீட்டர்ச் சுரங்கத்தின் வழியே உக்குவெலைக்குத் திருப்பப்பட்டு, மின்சாரம் உண்டாக்கி, சுது கங்கையில் இறங்கி, அம்பன் கங்கையை அடைகிறது. அம்பன் கங்கை! மார்ட்டென்ஸ்டைன் பெயர் தாங்கிய மீனின் வடிநிலமல்லவா அது? 2018 இல் திறக்கப்பட்ட மொரகஹகந்தை அணையும் அதே ஆற்றின்மேலே நிற்கிறது. எஞ்சிய நீரோ, 1985 இல் முற்றுப்பெற்ற விக்டோரியா அணையின் நீர்த்தேக்கத்துக்குச் செல்கிறது. கடயா விரும்பி வாழும் பாறை ஓட்டங்கள் பல அந்த ஏரியின் அடியில் ஆழ்ந்துவிட்டன. மகாவலியன்றி வேறோர் ஆற்றை அறியாத மீன் அது. முதியவர் காணாமல் ஏங்கிய மீனும் அதுவே.

அணைகள் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. அவை தந்த விளக்கின் ஒளியிலேதான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். ஆனால் கண்டியில் ஒருவன் ஆற்றில் எறியும் அழுக்கு, மலைக்கு அப்பால் ஒரு நல்ல மனிதரின் பெயரைக் கறைப்படுத்தக்கூடும் என்பதை அந்தச் சுரங்கம் நமக்குச் சொல்கிறது.

இந்த எண்ணங்களை ஒருவாறு சுருக்கி முதியவரிடம் சொன்னேன். மீனுக்கு மனிதன் பெயர் வைப்பார்கள் என்பது அவருக்குப் பெரிய வேடிக்கையாக இருந்தது. வாய்விட்டுச் சிரித்தார்.

"அப்போ, எங்க மலையிலே மரம் வளர்த்தவர் பேரிலே ஒரு மீன் இருக்குன்னு சொல்லுங்க. நல்லதுதான். அந்த மீனாவது இருக்கட்டும்."

அப்போது மிதப்பு அமிழ்ந்தது. அவர் சுண்டி இழுத்தார். வந்தது மீனன்று, சேறு நிரம்பிய ஒரு பிளாஸ்டிக் பை. அவர் சலித்துக்கொள்ளவில்லை. பையைக் கழற்றி, நீரில் அலசி, முதுகுக்குப் பின்னாலிருந்த சாக்கிற் போட்டார். அந்தச் சாக்கு ஏற்கெனவே பாதி நிறைந்திருப்பதை அப்போதுதான் கண்டேன்.

"தினமும் இப்படித்தானா ஐயா?"

"மீன் வந்தா வீட்டுக்கு, இது வந்தா சாக்குக்கு. திரும்ப ஆத்திலே போட மனசு வருமா தம்பி?"

இருள் கவிந்தது. விடைபெறும் வேளையில், பத்திரிகைக்கு எழுதப்போகிறேன் என்று சொல்லி அவர் பெயரைக் கேட்டேன். சொன்னார். இரண்டடி நடந்தபின் பின்னாலிருந்து அவர் குரல் வந்தது.

"எம் பேரு வேணாம் தம்பி. ஆத்தைப் பத்தி எழுதுங்க."

எழுதிவிட்டேன்.