ஒரே வெட்டு... கதை குளோஸ்!

"மச்சி, 20 விழுந்துடுச்சு... உன் தலை போச்சு!"

நான் சொன்னதும் மேஜையில் மயான அமைதி. நாலு மாசமா நண்பன் பார்த்துப் பார்த்து வளர்த்த வீரன், ஒரே உருட்டலில் அவுட்! அடுத்த வாரம் அவன் ஆடவே வரலை.

'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' தெரியும்தானே? 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் உருவாக்கிய ஆட்டம். ஒருத்தர் கதை சொல்ல, மத்தவங்க அதில் வீரர்களாகி, பகடை உருட்டி ஆடணும். அன்னிக்குக் கதைசொல்லி நான். வில்லன் கையில் நான் கொடுத்தது 'வோர்பல்' வாள். அவன் வீசும்போது 20 முகப் பகடையில் 20 விழுந்தா, எதிராளி தலை துண்டு!

'அஞ்சு சதவிகிதம்தானே'ன்னு நினைச்சேன். அங்கேதான் சறுக்கினேன். பத்து தடவை வீசினா, ஒரு தடவையாவது 20 விழ சுமார் 40 சதவிகித வாய்ப்பு! இத்தனைக்கும் 2014 விதிப்படி, 'லெஜண்டரி ஆக்‌ஷன்' உள்ள பெரிய வில்லன்களின் தலையை இந்த வாள் வெட்டாது. நம்ம வீரர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது.

அப்போ வாளே வேண்டாமா? வேணும் பாஸ்! ஆனா, முன்கூட்டியே காட்டிடணும். வழியெல்லாம் தலையில்லாத உடல்கள், தப்பி வந்த காவலாளியின் நடுக்கம், வாளைத் தட்டிப் பறிக்க ஒரு வழி... தெரிஞ்சே மோதித் தலை போனா வீரமரணம். தெரியாமப் போனா, வெறும் பகடை!

நண்பன்கிட்ட ஸாரி சொல்லியாச்சு. அடுத்த ஆட்டத்துக்குக் கதைசொல்லி அவன்தான். என் கழுத்து இப்பவே கூசுது!