மரக்கன்றுக் கணக்கு: தோப்பின் வருங்காலத்தை அறியும் வழி

ஒரு தோப்பின் செழுமையை அதிலுள்ள பெரிய மரங்களைக் கொண்டு மதிப்பிடுவது நம் நாட்டு வழக்கம். அடிமரம் பருத்து, நிழல் அடர்ந்து, ஆண்டுதோறும் காய்த்துக் கொட்டும் மரங்கள் நிறைந்திருப்பின் அத்தோப்பு நல்ல நிலையிலிருப்பதாகவே யாவரும் எண்ணுவர். ஆயின் பெரிய மரங்கள் ஐம்பது அல்லது நூறு ஆண்டுகளுக்கு முன்னிருந்த நிலைமைக்கே சாட்சியாகும். இன்னும் ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் அவ்விடத்தில் என்ன நிற்கும் என்பதைத் தரையோடு தரையாய் முளைத்திருக்கும் கன்றுகளே தெரிவிக்க வல்லன. கிழவர்கள் மட்டும் வாழ்ந்து குழந்தைகள் இல்லாத ஊர் எத்தகையதோ, கன்றுகளில்லாத தோப்பும் அத்தகையதே.

காஞ்சீபுரத்தை அடுத்துப் பாலாற்றின் பக்கத்தில் அமைந்தது ஓரிக்கை. திருமழிசையாழ்வாரும் அவர் சீடர் கணிகண்ணரும் கச்சியை விட்டு நீங்கியபோது பெருமாளும் உடன் எழுந்து வந்து ஓர் இரவு தங்கிய இடமாதலின் இப்பெயர் வாய்த்தது என்பது வழிவழி வந்த வரலாறு. காஞ்சி என்னும் நகரப் பெயரே ஆற்றோரத்தில் வளரும் காஞ்சி மரத்தால் வந்தது என்பாரும் உளர். இவ்வாறு மரத்தோடு பெயர் கலந்த நாட்டில் வேம்பு, புங்கு, இலுப்பை, நாவல், பனை ஆகியவை குடியானவர்களுக்கு எண்ணெயும், தழையுரமும், விறகும், வீட்டு மரமும் அளித்து வந்தன. கோவில் விளக்குகளுக்கு இலுப்பை எண்ணெய் உதவியதையும் மறத்தலாகாது. இம்மரங்கள் தம் வாரிசுகளை விட்டுச் செல்கின்றனவா என்பதே இங்கு ஆராயற்பாலது.

கன்றுகளைக் கணக்கிடும் முறை புதியதன்று

1856-ஆம் ஆண்டில் பர்மாவின் பெகு நாட்டுத் தேக்குக் காடுகளின் பொறுப்பை ஏற்ற டீட்ரிச் பிராண்டிஸ் என்னும் ஜெர்மானியர், காட்டினூடே நேர்கோடாகச் சென்று வழியிலிருந்த தேக்கு மரங்களைச் சுற்றளவின்படி நான்கு வகுப்பாகப் பிரித்து எண்ணினார். 6 அடியும் அதற்கு மேலும் சுற்றளவுள்ளவை முதல் வகுப்பு. சிறியவை எத்தனை உள்ளன என்பதை அறிந்தாலன்றிப் பெரியவற்றில் எத்தனை வெட்டலாம் என்று சொல்ல இயலாது என்பதே அக்கணக்கின் கருத்து. அவரே 1864-இல் இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைவரானார். 1898-இல் பிரான்சு நாட்டில் தெ லியோக்கூர் என்பவர், பல வயது மரங்கள் கலந்த காட்டில் சிறு மரங்கள் மிகப் பலவாயும், பருமன் ஏற ஏற எண்ணிக்கை ஒழுங்காகக் குறைந்தும் வருவதை எடுத்துக் காட்டினார்.

நம் மாநிலத்திலேயே இதற்குச் சிறந்த சான்று நீலகிரி மாவட்டத்து முதுமலையில் உள்ளது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தார் 1988-இல் அங்கே 50 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 123 ஏக்கர் காட்டைக் குறித்துக்கொண்டு, ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தடித்த ஒவ்வொரு மரத்திற்கும் எண் இட்டனர். தொடக்கத்தில் கணக்கில் வந்தவை சற்றேறக்குறைய 26,000. பிறகு எவை மாண்டன, எவை புதிதாய் எழுந்தன என்பது தொடர்ந்து பதியப்பட்டு வந்தது. பெரிய மரங்கள் பெரும்பாலும் நிலைத்து நிற்கச் சிறியவையே மிகுதியாய் அழிந்தன. காட்டுத்தீ சிறு தண்டுகளைப் பொசுக்கிற்று. யானைகள் விரும்பி உரித்துத் தின்னும் கைடியா என்னும் மரம் வெகுவாகக் குறைந்தது. தொலைவில் நின்று பார்ப்போர்க்கு அக்காடு மாறாததாகவே தோன்றும். கணக்கே மாற்றத்தைக் காட்டிற்று.

கிராமத்தில் செய்யத்தக்க எளிய முறை

இதற்கு விலையுயர்ந்த கருவி ஒன்றும் வேண்டுவதில்லை. 6 அடி 7 அங்குல நீளமுள்ள ஒரு கோல், கயிறு, நான்கு முளைகள், ஒரு நோட்டுப் புத்தகம் ஆகியவை போதும். அக்கோலை ஒரு பக்கமாகக் கொண்ட சதுரம் ஏறத்தாழ ஒரு சென்டில் பத்தில் ஒரு பங்கு, அதாவது ஏக்கரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஆகும். தோப்பின் ஓர் ஓரத்திலிருந்து நேர்கோடாகச் சென்று, சர்வே சங்கிலி ஒன்றின் நீளமாகிய 66 அடிக்கு ஒரு சதுரம் வீதம் இட வேண்டும். ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் இடைவெளி அதே 66 அடி. இவ்வாறு செய்தால் ஏக்கருக்குப் பத்துச் சதுரம் அமையும். கோல் விழும் இடம் முள்ளாயினும் பாறையாயினும் அங்கேயே சதுரம் இடுதல் வேண்டும். கன்று நிறைந்த இடத்தைத் தேடிச் சென்று இடுவோமாயின் கணக்கு பொய்த்துவிடும்.

ஒவ்வொரு சதுரத்திலும் இன்ன மரம் என்று பெயர் குறித்து, மூன்று வகுப்பாக எண்ணுக. ஒன்றரை அடிக்குக் குறைந்தவை முளைக்கன்றுகள். அதற்கு மேல் ஆறரை அடி வரை வளர்ந்தவை நடுத்தரக் கன்றுகள். ஆறரை அடியைக் கடந்து, சுற்றளவு ஓரடிக்குக் குறைந்தவை நிலைபெற்ற இளமரங்கள். வெட்டிய கட்டையிலிருந்தும் வேரிலிருந்தும் எழுந்த துளிர்களைத் தனியே குறிக்க வேண்டும். அவை பழைய மரத்தின் நீடிப்பேயன்றிப் புதிய வாரிசு அல்ல.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் தை மாதத்தில் ஒரு முறையும், கோடை கழிந்து ஆனி மாதத்தில் ஒரு முறையும் அதே சதுரங்களை எண்ணுதல் நலம். முதற் கணக்கு எத்தனை முளைத்தன என்பதையும், இரண்டாவது எத்தனை பிழைத்தன என்பதையும் காட்டும். இடம் மாறாதிருக்கச் சதுரத்தின் ஒரு மூலையில் கல் நடுக.

கணக்கைப் படிக்கும் வகை

உதாரணமாக, 4 ஏக்கர் இலுப்பைத் தோப்பு ஒன்றில் 40 சதுரங்கள் இடப்பட்டதாகக் கொள்வோம். தை மாதத்தில் முளைக்கன்று 60, நடுத்தரக் கன்று 12, இளமரம் 2 காணப்பட்டால், அவற்றை 25-ஆல் பெருக்க, ஏக்கருக்கு முறையே 1,500, 300, 50 ஆகின்றன. இத்தொகை மனநிறைவு தரக்கூடியதே. ஆயினும் அந்த 60 கன்றுகளும் எட்டுச் சதுரங்களில் மட்டுமே இருந்தால், தோப்பின் ஐந்தில் ஒரு பங்கில்தான் வாரிசு உண்டு. மற்ற நான்கு பங்கு வெறுமை. மேலும் ஆனி மாதத்தில் 60-இல் 9 மட்டுமே எஞ்சினால் நூற்றுக்குப் பதினைந்தே கோடையைக் கடந்தன என்பதாம். ஆகையால் மொத்தத் தொகையை மட்டும் கண்டு மகிழ்தல் கூடாது. பரவலையும் பிழைப்பையும் சேர்த்தே நோக்க வேண்டும்.

இங்கு இரண்டு எச்சரிக்கைகள் உள. கருவேல் போன்று வெயிலை விரும்பும் மரங்கள் தாய் மரத்து நிழலில் முளைத்து வளர்வதில்லை. அங்கே கன்று காணாமையை நோயெனக் கொள்ளலாகாது, வெட்டவெளியில் தேடுதல் வேண்டும். அன்றியும், வறண்ட நிலத்தில் கன்றின் தலை ஆண்டுதோறும் கருகி, வேர் மட்டும் உயிரோடிருந்து மீண்டும் துளிர்ப்பதுண்டு. உயரத்தைக் கொண்டு மட்டும் வயதைத் தீர்மானிப்பது பிழையாகும்.

குறைவின் காரணமும் பரிகாரமும்

கன்று இல்லாமைக்குக் காரணம் விதை இன்மையா, மேய்ச்சலா என்பதை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. அருகருகே ஐந்து இணைச் சதுரங்களைத் தேர்ந்து, ஒவ்வோர் இணையிலும் ஒன்றுக்கு மட்டும் முள்வேலி இடுக. ஓராண்டு கழித்து வேலிக்குள் கன்று மிகுந்து வெளியே இல்லையாயின் குற்றம் ஆடுமாடுகளின் வாய்க்குரியது. இரண்டிலும் இல்லையாயின் விதையோ, மண்ணோ, ஈரமோ குறைவென்று உணரலாம்.

மேய்ச்சலே காரணமாயின் ஆடுகளை முற்றிலும் விலக்குவது ஏழைகளுக்கு இடுக்கணாகும். தோப்பை நான்காகப் பிரித்து, ஒரு பாகத்தை மட்டும் கன்றுகள் ஆட்டின் வாய்க்கு எட்டாத உயரம் அடையும்வரை மூடிவைத்து, பின்னர் அடுத்த பாகத்தை மூடுவதே தக்க ஏற்பாடு. விதைக் குறைவாயின், பழுத்து விழுந்தவுடன் சேகரித்துத் தாமதமின்றி ஊன்றுக. வேம்பு, இலுப்பை, நாவல் ஆகியவற்றின் விதைகள் சில வாரங்களிலேயே முளைப்புத் திறனை இழப்பன. அடுத்த ஆண்டுக்கென்று சேமித்து வைப்பது வீண். தரை இறுகியிருப்பின் லேசாகக் கொத்திவிடுதல் பயன் தரும். கோடையில் கருகுவதாயின் கன்றைச் சுற்றிச் சருகு மூடாக்கு இடுக. சருகைக் கொளுத்தும் வழக்கத்தை அறவே நிறுத்துதல் வேண்டும்.

மற்றொரு பகை சீமைக்கருவேல். 1877-ஐ ஒட்டி, அக்காலத்துச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த கடப்பையில் விறகுக்காக விதைக்கப்பட்ட இம்மரம், கால்நடைகள் நெற்றைத் தின்று சாணத்தோடு விதையைப் பரப்புவதால் ஆற்றுப்படுகை, ஏரி உட்புறம், தரிசு எங்கும் பரவிவிட்டது. கணக்கெடுப்பில் நாட்டு மரக் கன்றுகளைவிட இதன் கன்றுகள் மிகுமாயின், அத்தோப்பு இன்னும் சில ஆண்டுகளில் முட்காடாகும் என்பதற்கு அதுவே முன்னறிகுறி. மேலே வெட்டினால் மீண்டும் தழைக்கும். ஆதலின் வேர்க்கட்டையோடு அகற்றி, அவ்விடத்தில் உடனே நாட்டு மரங்களை நட வேண்டும். வெறுமையாக விட்ட இடத்தை அதுவே மறுபடியும் பிடித்துக்கொள்ளும்.

கிராம அதிகாரிகளின் கடமை

2022-இல் தொடங்கப்பெற்ற பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலப் பரப்பில் நூற்றுக்கு 33 பங்கை மரங்களால் மூடுவதை நோக்கமாகக் கொண்டது. நட்ட கன்றுகளின் தொகை பெரிதாயிருப்பதால் மட்டும் இந்நோக்கம் நிறைவேறாது. இரண்டு கோடைகளைக் கடந்தவை எத்தனை என்பதே உண்மைக் கணக்கு. புறம்போக்கிலுள்ள மரங்களுக்கு 2-சி கணக்கு உண்டு. காய்த்து வருமானம் தரும் மரங்களே அதில் கருதப்படும், அவற்றின் கீழ் முளைத்த வாரிசுகள் அல்ல. கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும், ஏரிக்கரை, கோவில் தோப்பு, ஆற்றோரம் ஆகிய ஒவ்வோரிடத்திற்கும் ஒரு பக்கம் ஒதுக்கித் தை, ஆனிக் கணக்குகளைப் பதிந்துவரின், மூன்று ஆண்டுகளில் எத்தோப்பு தழைக்கிறது, எது தேய்கிறது என்பது ஐயமின்றிப் புலப்படும். நாலு ஏக்கர் தோப்பிற்கு இரண்டு ஆட்களுக்கு ஒரு நாள் வேலையே இதனால் உண்டாகும். பெரிய மரம் சாய்ந்தபின் அதற்கு ஈடு தேடுவோர் ஒரு தலைமுறை காத்திருக்க வேண்டும். கன்றாயிருக்கையில் கண்டு காப்போர்க்கு ஒரு கட்டு முள்ளே போதும்.