நெல் இலை செம்பழுப்பாதல்: காரணமும் பரிகாரமும்

நிவித்திகலப் பகுதியில் தேயிலை, இறப்பர் மலைச்சரிவுகளுக்கிடையே உள்ள ஒடுங்கிய பள்ளங்களில் நெல்வயல்கள் அமைந்துள்ளன. இவற்றுட் சிலவற்றில், நட்ட சில வாரங்களிலேயே இலைகள் செம்பழுப்பு நிறமடைந்து காய்வதுண்டு. இதனைப் பூச்சியின் சேதமென எண்ணி மருந்து தெளிப்போரும், பசளைக் குறைவென எண்ணி யூரியா மட்டும் இடுவோரும் உளர். இவ்விரண்டாலும் பணமே விரயமாகும். இது கிருமியால் வருவதன்று. மண்ணிலுள்ள இரும்பு அளவுக்கு மீறிக் கரைவதால் வருவது. இதனை இலங்கையரான மண்ணியல் அறிஞர் எப். என். பொன்னம்பெருமவும் அவருடன் ஆராய்ந்தோரும் 1955ஆம் ஆண்டில் விளக்கி வெளியிட்டனர்.

காரணம்

ஈரவலயச் செம்மண்ணில் இரும்பு மிகுதி. காற்றோட்டமுள்ள மண்ணில் அது துருவாகக் கரையாது கிடக்கும். வயலில் நீர் தேங்கியதும் மண்ணினுள் காற்று அற்றுப்போகின்றது. அப்பொழுது மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் அத்துருவைக் கரையும் இரும்பாக மாற்றுகின்றன. சரிவிலிருந்து கசியும் நீரும் இரும்பைக் கொணர்ந்து சேர்க்கின்றது. நலமுள்ள நெல்வேர் காற்றை வெளிவிட்டு, இரும்பை வேர்ப்புறத்திலேயே துருவாக்கித் தடுக்கும். பொட்டாசியம் குறைந்த பயிருக்கு இவ்வலிமை குன்றும்.

அறிகுறிகள்

முதிர்ந்த கீழிலைகளின் நுனியில் சிறு பழுப்புப் புள்ளிகள் தோன்றி அடிநோக்கிப் பரவும். வேர்கள் வெண்மையிழந்து துருப்படிந்திருக்கும். நீரின்மேல் எண்ணெய் போன்ற படலம் மிதக்கும். குச்சியாற் கிளறும்போது அது துண்டுதுண்டாக உடைந்து நின்றால் இரும்புப் படலமாகும்; மீண்டும் ஒன்றுகூடினால் எண்ணெயாகும். பயிரின் அடியில் கபிலநிறத் தத்திகள் கூட்டமாக இருப்பின் அது வேறு சேதம். அதற்குப் பரிகாரமும் வேறு.

பரிகாரம்

1. மலையடிவாரத்தில் வாய்க்கால் வெட்டிக் கசிவுநீரை வயலுக்குள் வராது திருப்புதல் வேண்டும். ஒருவர் மட்டும் வெட்டினால் நீர் அயலவர் வயலிற் பாயுமாதலால், அனைவரும் கூடிச் செய்தலே நன்று.

2. நீர் கட்டிய உடனே நடாது, 10 முதல் 20 நாட்கள் கழித்து நடுக.

3. நட்ட 25 முதல் 30 நாட்களில் நீரை வடித்து, 7 முதல் 10 நாட்கள் வரை மண் ஈரமாக மட்டும் இருக்குமாறு விடுக. காற்றுப் புகுந்ததும் கரைந்த இரும்பு மீண்டும் துருவாகும்.

4. பொட்டாசுப் பசளையைத் தவறாது இடுக. பயிர் எடுக்கும் பொட்டாசியத்தின் பெரும்பகுதி வைக்கோலிலேயே தங்குவதால், அதனை எரிக்காது மக்கவைத்து வயலுக்கே திருப்புக. பச்சை வைக்கோலை நீர் தேங்கிய சேற்றில் நடுவதற்குச் சற்றுமுன் புதைத்தல் தீங்கை அதிகரிக்கும்.

5. மண் பரிசோதனையில் புளிப்பு மிகுதியாகக் காணின், விதந்துரைக்கப்படும் அளவில் சுண்ணாம்பு அல்லது டொலமைற்று இடுக.

6. களுத்துறை மாவட்டத்துப் பொம்புவல ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய பி.டபிள்யூ. 267-3 போன்ற, இரும்பு நஞ்சைத் தாங்கும் இனங்களைத் தேர்ந்தெடுக்க.

இத்தகைய வயலில் மரக்கறி பயிரிடுவோர் மேட்டுப்பாத்தி அமைத்தல் அவசியம்.

நோய் கடுமையாயின் தூர் கட்டுதல் குன்றி, கதிர்கள் பதராகும். ஆகவே வயலின் ஒரு மூலையில் நிறமாற்றம் தோன்றியவுடனேயே, மருந்து வாங்குமுன் வேரைப் பிடுங்கிப் பார்த்து, அதனுடன் விவசாயப் போதனாசிரியரை நாடுதல் வேண்டும்.