நாக்கு நீட்டினா 'ப்ளெப்'... குப்புறப் படுத்தா 'ஸ்ப்ளூட்'!

நாக்கு நுனியை வெளியே விட்டுட்டு உள்ளே இழுக்க மறந்துபோன பூனைக்குட்டியைப் பார்த்திருக்கீங்களா? நெட் பாஷையில அது 'ப்ளெப்'! நாலு காலையும் அடியில மடக்கி உட்கார்ந்தா 'லோஃப்'... பிரெட் மாதிரியே இருக்காம்! திடீர்னு கிறுக்குப் பிடிச்ச மாதிரி வீட்டையே சுத்திச் சுத்தி ஓடினா 'ஸூமீஸ்'. பின்னங்காலை நீட்டி, வயிறு தரையில ஒட்ட, குப்புறப் படுத்தா 'ஸ்ப்ளூட்'! 2015-ல் ட்விட்டர்ல ஆரம்பிச்ச 'வீ ரேட் டாக்ஸ்' மாதிரி பக்கங்கள்தான் இந்த பாஷையை உலகம் பூரா பரப்புச்சு.

சிரிச்சாச்சா? இப்ப மேட்டருக்கு வருவோம். ஸ்ப்ளூட் வெறும் போஸ் இல்லை பாஸ்! 2022 ஆகஸ்ட் வெயில்ல நியூயார்க் அணில்கள் இப்படிக் கிடந்தப்போ, 'கவலைப்படாதீங்க, உடம்புச் சூட்டைக் குறைக்கத்தான் குளிர்ந்த இடத்துல படுக்குது'னு அந்த ஊர் பூங்காத் துறையே ட்விட்டர்ல விளக்கம் சொன்னது.

நாய்க்கு நம்மை மாதிரி உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்துல மட்டும்தான் கொஞ்சம். மத்தபடி மூச்சிரைச்சுத்தான் சூட்டை வெளியேத்தணும். வரதராஜன்பேட்டையில மே மாச மத்தியானம், டீக்கடை பெஞ்சுக்கு அடியில ஒரு தெருநாய் ஸ்ப்ளூட் போட்டுக் கிடக்குதா? தாராளமா போட்டோ எடுங்க. கூடவே ஒரு சட்டியில தண்ணியும் வைங்க! விடாம மூச்சிரைச்சு, எச்சில் வழிய, தள்ளாடுதா? அது க்யூட் இல்லை... ஹீட் ஸ்ட்ரோக்! உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடம்புல தண்ணி ஊத்தி, கால்நடை டாக்டருக்கு போன் போடுங்க. லைக்ஸை அப்புறம் எண்ணலாம்!