இறகிலைச் செடிகளும் கண்ணாடித் தொட்டியும்

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்போர் பலர், இறகு போன்ற இலையுடைய நீர்ச்செடிகளைக் கட்டாக வாங்கி வந்து மணலில் ஊன்றுகின்றனர். பத்து நாள்களுக்குள் அடித்தண்டு அழுகி, இலைகள் உதிர்ந்து, நீரும் கலங்கிவிடுகிறது. குற்றம் செடியினுடையதன்று, நட்ட முறையினுடையது.

அவ்விலை ஏன் இழை இழையாகப் பிளந்திருக்கிறது? வாயுக்கள் காற்றில் பரவும் வேகத்தில் ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வேகத்திலேயே நீரில் பரவுகின்றன. ஆதலின் மூழ்கி வாழும் செடிக்குக் கரியமில வாயு எளிதில் கிட்டுவதில்லை. இலை இழைகளாகப் பிரியும்போது நீரைத் தொடும் பரப்புப் பெருகுகிறது. நம் நாட்டு நீர்நிலைகளில் வளரும் லிம்னோஃபிலாவில் இதனைக் கண்கூடாகக் காணலாம். நீருக்குள் இழையிலை, அதே தண்டு நீர்மட்டத்திற்கு மேல் எழுந்ததும் பிளவுபடாத சாதாரண இலை! இதனை அமெரிக்கக் கண்டத்துக் கபோம்பா என்று மயங்குவோர் உண்டு. லிம்னோஃபிலாவின் இலைகள் கணுவைச் சுற்றி வட்டமாக அமைந்திருக்கும். கபோம்பா கரோலினியானாவிலோ, காம்புள்ள விசிறி இலைகள் எதிரெதிரே இரண்டிரண்டாக நிற்கும்.

நானும் ஆசிரியனாயிருந்தபோது, ஈயத்தகடு சுற்றிய கட்டினை அப்படியே மணலில் புதைத்துவிட்டு, மறுவாரம் மாணவர் முன் தலைகுனிந்தவன்தான். தகடு தண்டை நசுக்குகிறது. கட்டின் உட்புறத் தண்டுகளுக்கு ஒளி எட்டுவதில்லை. புதையுண்ட இலைகளோ அழுகி, மீன்களுக்கு வேண்டிய பிராணவாயுவையும் கவர்ந்துகொள்கின்றன.

ஆகவே மாணவர்களே, முதலில் கட்டைப் பிரியுங்கள். நசுங்கிய அடியை வெட்டி நீக்கி, கீழே இரண்டு மூன்று கணுக்களின் இலைகளைக் களைந்து, தண்டுகளை இரண்டு விரற்கடை இடைவெளியில் தனித்தனியே நடுங்கள். கணுக்களிலிருந்து வேர் இறங்கும். செரட்டோஃபில்லம் என்னும் செடிக்கு வேரே கிடையாது. மிதக்க விட்டாலே வளரும். விளக்கொளி நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் போதும். நேர் வெயில் பட்டால் பச்சைப் பாசி படர்ந்து இழைகளை மூடிவிடும். பொன்மீன்கள் உள்ள தொட்டியில் இத்தனை பாடும் வீண். அவை மென்மையான இலைகளைத் தின்று தீர்த்துவிடும்.

தண்டு நீர்மட்டத்தை எட்டியதும் நுனியைக் கத்தரித்து மீண்டும் நடலாம். எஞ்சிய துண்டுகளில்தான் நாம் விழிப்பாயிருத்தல் வேண்டும். ஒரு கணுவுள்ள துண்டும் புதுச் செடியாகக் கூடும். கபோம்பா கரோலினியானாவை ஆஸ்திரேலியா 1999-இல் நாடளாவிய கேடு விளைக்கும் களைகளுள் ஒன்றாக அறிவித்தது. மீன்தொட்டிச் செடியாகவே அது அந்நாட்டில் நுழைந்தது. நம் அண்டை மாநிலத்தில், கோழிக்கோடு மாவட்டத்து ஆவளப்பாண்டியில் 2020-இல் நீர்ப்பரப்பெங்கும் இளஞ்சிவப்பு மலர்கள் விரிந்தன. காண மக்கள் திரண்டனர். அம்மலர்கள் கபோம்பா ஃபர்க்காட்டா என்னும் அயல்நாட்டுச் செடியினுடையவை.

ஆதலின் கத்தரித்த துண்டுகளை வாய்க்காலிலோ குளத்திலோ எறியாது, வெயிலில் சருகாகக் காயவைத்து எருக்குழியில் இடுங்கள். தொட்டி கழுவிய நீரைத் துணியில் வடித்துப் பூச்செடிகளுக்கு ஊற்றலாம். மீன்களின் கழிவு கலந்த அந்நீர் அவற்றிற்கு நல்ல உரம்.