குவாலியில் மொறுமொறு உருளைக்கிழங்கு

பள்ளி விட்டு வந்த பிள்ளை புத்தகப் பையை நாற்காலியில் போட்டதும் கேட்கிற முதல் கேள்வி, "அம்மா, ஃபிரைஸ் போட்டுத் தர்றீங்களா?" பட்டர்வொர்த் பாகான் டாலாமில் எங்கள் வரிசை வீடுகளில் எந்த வீட்டுக்குப் போனாலும் இதே கேள்விதான். நாமும் ஆசையாகப் போட்டுத் தருகிறோம். கிழங்கைத் தோல் சீவி, நறுக்கி, எண்ணெயில் போட்டு, பொன்னிறம் வந்ததும் எடுத்துத் தட்டில் வைக்கிறோம். பிள்ளை கைகால் கழுவிவிட்டு வருவதற்குள் அது துவண்டு, எண்ணெய் கசிந்து, தாளில் ஒட்டிக் கிடக்கிறது. "கடையில சாப்பிடற மாதிரி இல்லம்மா." அந்தச் சொல்லோடு மனம் விட்டுப்போய், அடுத்த வாரம் உறைய வைத்த பாக்கெட் வாங்கி ஐஸ்பெட்டியில் அடுக்கிவிடுகிறோம்.

நானும் பல வருடம் அப்படித்தான் இருந்தேன். எங்கள் தெரு முனையில் மாலையில் வடையும் பீசாங் கோரெங்கும் போட்டு விற்கிற அக்காவிடம் ஒருநாள் இதைச் சொல்லிப் புலம்பினேன். கரண்டியைக் கீழே வைக்காமலே கேட்டார்: "எந்தக் கிழங்குல போட்ட?" கறிக்கு வாங்கி வைத்திருந்த கிழங்கு என்றேன். "அதான். மொதல்ல கிழங்க மாத்து தங்கச்சி. அப்புறம் ரெண்டு தடவ பொரி. ஒரே தடவையில வராதுலா." ஃபிரைஸ் என்ற வித்தையில் முக்கால் பங்கு இந்தப் பேச்சிலேயே அடங்கியிருக்கிறது என்பது, செய்து பார்க்கப் பார்க்கத்தான் எனக்குப் புரிந்தது.

நம் பாசாரில் உருளைக்கிழங்கைப் பிறந்த நாட்டுப் பெயர் சொல்லித்தான் விற்பார்கள். ஹாலண்டு கிழங்கு, சீனாக் கிழங்கு, பங்களாதேஷ் கிழங்கு, அமெரிக்க ரஸட். உருளைக்கிழங்கு குளிர் விரும்பும் பயிர். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் பிறந்த அதற்கு நம் வெயில் ஒத்துவராது. அதனால் மலேசியா சாப்பிடும் கிழங்கு அநேகமாக எல்லாமே வெளிநாட்டு இறக்குமதிதான். பட்டர்வொர்த் துறைமுகத்தின் பளுதூக்கிகளைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு, சாப்பாட்டுப் பொருள் கொள்கலனில் ஏறிக் கடல் தாண்டி வருவது ஒன்றும் புதிய செய்தி இல்லை. கூடையில் கிடக்கிற எல்லாக் கிழங்கும் ஒன்றல்ல என்பதைத்தான் நாம் கவனிக்கத் தவறுகிறோம்.

ஒரு உருளைக்கிழங்கில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். மிச்சத்தில் பெரும்பகுதி மாவுச்சத்து. அந்த மாவு கூடுதலாக இருந்தால் பொரித்ததும் உள்ளே பஞ்சு போல மலர்ந்து, வெளியே ஓடு பிடிக்கும். குறைவாக இருந்தால் கறியில் கரையாமல் முழுதாக நிற்கும். எண்ணெயில் போட்டாலோ நிறம் வந்தும் மொறுமொறுப்பு வராது. நீளமாக, பழுப்புத் தோல் சொரசொரவென்று இருக்கிற ரஸட் முதல் வகை. வழவழவென்று மெல்லிய தோலோடு உருண்டையாக இருப்பதில் பலவும் இரண்டாம் வகை. பெயர்ப்பலகை இல்லாத கூடையில் சந்தேகமாக இருந்தால் ஒரு சோதனை உண்டு. கால் கப் உப்பை இரண்டே முக்கால் கப் தண்ணீரில் கரைத்துச் சின்னக் கிழங்கு ஒன்றைப் போடுங்கள். மூழ்கினால் மாவுக் கிழங்கு, பொரிக்க எடுங்கள். மிதந்தால் கறிக்கு வையுங்கள்.

பொரிக்கிற கிழங்கு என்றதும் அமெரிக்காவின் சொத்து என்று நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டுச் சமையலறையில் ஊட்டிக் கிழங்குக்கு இருக்கிற மரியாதை நமக்குத் தெரியும். பொரிப்பதற்கென்றே கிழங்கு வளர்ப்பதில் இந்தியா இப்போது வெகுதூரம் போய்விட்டது. சிம்லாவில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் குஃப்ரி சிப்சோனா, குஃப்ரி ஃபிரைசோனா என்ற ரகங்களை உருவாக்கியது. முன்பு ஃபிரைஸை இறக்குமதி செய்துகொண்டிருந்த அந்த நாடு, 2023-24 நிதியாண்டில் சுமார் 1.35 லட்சம் டன் உறைந்த ஃபிரைஸை ஏற்றுமதி செய்தது. அதில் தென்கிழக்காசியாவுக்கும் வருகிறது. நாம் பிரித்துப் போடுகிற பாக்கெட்டில் இருப்பது குஜராத் விவசாயியின் கிழங்காகவும் இருக்கலாம்.

அந்த உறைந்த பாக்கெட்டும் பழைய சங்கதி அல்ல. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ஜே. ஆர். சிம்ப்ளாட் என்பவரின் நிறுவனம்தான் 1940-களில் பொரித்து உறைய வைக்கும் முறையைத் தொழிலாக்க முனைந்தது. 1960-களில் மெக்டொனால்ட்ஸ் அவரிடம் வாங்கத் தொடங்கிய பிறகு உலகம் முழுக்க ஒரே ருசி பரவியது. மலேசியாவுக்கு ஏ அண்ட் டபிள்யூ 1963-இல் வந்தது, கே.எஃப்.சி 1973-இல், மெக்டொனால்ட்ஸ் 1982-இல் கோலாலம்பூர் புக்கிட் பிந்தாங்கில். ஆக இரண்டு மூன்று தலைமுறைக்குள்தான் இது நம் பிள்ளைகளின் பண்டமாகியிருக்கிறது. தொழிற்சாலையிலும் முதலில் கிழங்கை வெந்நீரில் போட்டெடுத்து, ஈரம் உலர்த்தி, ஒருமுறை பொரித்து உறைய வைத்து அனுப்புகிறார்கள். கடையில் நடப்பது இரண்டாவது பொரிப்பு. அக்கா சொன்ன அதே கணக்கு.

இனி வீட்டுக்கு வருவோம். ஒரு கிலோ கிழங்கைத் தோல் சீவி, விரல் கனத்துக்கு, ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் அளவில் ஒரே சீராக நறுக்குங்கள். ஒன்று தடியும் ஒன்று ஒல்லியுமாக இருந்தால் ஒன்று கருகும்போது இன்னொன்று வேகாமல் இருக்கும். நறுக்கியதும் தண்ணீரில் போட்டு அலசுங்கள். முதல் தண்ணீர் அரிசி கழுவிய நீர் போல வெள்ளையாக வரும். தெளிந்து வரும்வரை மூன்று நான்கு முறை அலசி ஊற்ற வேண்டும். மேலே ஒட்டியிருக்கிற மாவும் சர்க்கரையும் போகாவிட்டால் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், உள்ளே வேகுமுன் வெளியே கறுத்துவிடும்.

அடுத்த படியைப் பல வீடுகளில் செய்வதில்லை. 2 லிட்டர் தண்ணீரில் 2 மேசைக்கரண்டி வெள்ளை வினிகரும் 2 மேசைக்கரண்டி உப்பும் சேர்த்து, கிழங்கைப் போட்டு, கொதி வந்தபின் 8 முதல் 10 நிமிடம் வேக விடுங்கள். இவ்வளவு வெந்தால் உடையாதா என்று நானும் பயந்தேன். உடைவதில்லை. கிழங்கின் உயிரணுக்களைப் பிணைத்து வைத்திருக்கிற பெக்டின் என்ற பொருளை வினிகரின் புளிப்பு கரைய விடாமல் காக்கிறது. உள்ளே நன்றாக வெந்திருக்கும், ஆனால் துண்டு உடையாமல் நிற்கும். வினிகர் வாடை பொரிக்கும்போது போய்விடும்.

இங்கேதான் அவசரப்படக் கூடாது. வெந்த கிழங்கை வடித்து, சுத்தமான துணியில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, காற்றாடிக்குக் கீழே வையுங்கள். நாம் இருப்பது கடலோரம். ஈரம் சுமந்த காற்று. துவைத்த துணியே சில நாள் மாலைவரை காயாது. கிழங்கு அஞ்சு நிமிடத்தில் காய்ந்துவிடும் என்று எதிர்பார்க்க முடியுமா? நான் அரை மணி நேரம் விடுகிறேன். தொட்டால் விரலில் ஈரம் ஒட்டக் கூடாது. மேற்பரப்பு மங்கி, சுண்ணாம்பு தடவியதுபோல் வெளுத்துத் தெரியும். அந்த வெளுப்புதான் அடையாளம்.

குவாலியில் எண்ணெய் தாராளமாக இருக்கட்டும். ஒன்றரை லிட்டர் எண்ணெய்க்கு ஒரு ஈட்டுக்குக் கால் கிலோ கிழங்குக்கு மேல் வேண்டாம். கூடப் போட்டால் எண்ணெய் குளிர்ந்துவிடும். முதல் பொரிப்பு 160 டிகிரி செல்சியஸில் 4, 5 நிமிடம். நிறம் மாறவே கூடாது, மேலே மெல்லிய தோல் கட்டினால் போதும். எடுத்து, பரப்பி, குறைந்தது அரை மணி நேரம் ஆற விடுங்கள். ஆறியதை ஓர் இரவு உறைபெட்டியில் வைத்தால் இன்னும் விசேஷம். உள்ளே இருக்கிற நீர் பனித்துகளாகி உயிரணுச் சுவர்களைக் கிழித்துவிடுவதால், அடுத்த முறை எண்ணெயில் விழுந்ததும் ஈரம் வேகமாக வெளியேறும். பிள்ளை கேட்கிற நேரத்தில் நேரே எடுத்துப் பொரிக்கலாம்.

இரண்டாவது பொரிப்பு 190 டிகிரியில் 2, 3 நிமிடம். வெப்பமானி இல்லாதவர்கள் ஒரு துண்டைப் போட்டுப் பாருங்கள். உடனே சடசடவென்று பொங்கி மேலே வந்தால் சூடு சரி. அந்தப் பொங்கல், கிழங்கின் தண்ணீர் ஆவியாகி வெளியே ஓடுவது. ஆவி வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்வரை எண்ணெய் உள்ளே நுழையாது. எடுத்து ஆறும்போதுதான் எண்ணெயை உறிஞ்சுகிறது. அதனால் வலைக் கரண்டியில் அள்ளியவுடன் குவாலிக்கு மேலேயே நன்றாக உதறுங்கள். தாளில் கொட்டிக் குவிக்காமல் கம்பி வலைத் தட்டில் பரப்புங்கள். உப்பைச் சூட்டோடு தூவுங்கள். மூடி மட்டும் போடவே போடாதீர்கள். "சூடு ஆறிடுமே" என்று தட்டைக் கவிழ்த்து மூடுவது நம் வீடுகளின் பழக்கம். ஆவி உள்ளேயே தங்கி, அரை நாள் உழைப்பை இரண்டு நிமிடத்தில் கெடுத்துவிடும்.

ஏர் பிரையர் இருக்கிறவர்கள் இரண்டு பொரிப்புக்கும் பதிலாக, வேகவைத்து உலர்த்திய கிழங்கில் ஒரு கரண்டி எண்ணெய் புரட்டி, 200 டிகிரியில் 20 நிமிடம் வையுங்கள். நடுவில் இருமுறை குலுக்க வேண்டும். குவாலி அளவுக்கு வராது, ஆனாலும் நன்றாகவே இருக்கும்.

நிறத்திலும் ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். பொன்னிறத்தோடு நிறுத்துங்கள். மாவுப் பண்டங்களை அதிகச் சூட்டில் கருகவிட்டால் அக்ரிலமைட் என்ற வேண்டாத பொருள் உண்டாவதை 2002-இல் ஸ்வீடன் விஞ்ஞானிகள் கண்டறிந்து சொன்னார்கள். பொரிக்காத கிழங்கை ஐஸ்பெட்டியில் வைப்பது இதை அதிகமாக்கக்கூடும். குளிரில் மாவு சர்க்கரையாக மாறி, பொரிக்கும்போது சீக்கிரம் கறுக்கும். கிழங்கை இருட்டான, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். நம் வெக்கையில் சீக்கிரம் முளைவிடும் என்பதால் ஒரு வாரத்துக்குத் தேவையானதை மட்டும் வாங்குங்கள். பச்சை படர்ந்த கிழங்கைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம்.

எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் முடிக்க எனக்கு மனமில்லை. நம் வீட்டுச் செம்பனை எண்ணெய் அதிகச் சூட்டைத் தாங்கும், சீக்கிரம் கெடாது, பொரிப்பதற்கு நல்லது. இந்த நாட்டில் அதை வணிகப் பயிராக முதலில் நட்டது 1917-இல், சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில். ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது, தோட்டத்துத் தமிழர்கள் பால் வாளியை வைத்துவிட்டு, நீண்ட கழியில் கட்டிய அரிவாளைப் பிடித்தார்கள். என் அப்பாவும் பழம் வெட்டியவர். முள் குத்திய அந்தக் கைகளை நான் பார்த்திருக்கிறேன். 2 வெள்ளி 50 காசுக்கு மானியப் பாக்கெட்டில் கிடைக்கிறது என்பதற்காக அதை மலிவாக நினைக்க என்னால் முடியவில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். பொரித்த எண்ணெயை ஆறியபின் வடிகட்டி, இருட்டில் வைத்து, இரண்டு மூன்று முறையோடு நிறுத்திவிடுங்கள். நுரை கட்டினாலோ, கறுத்தாலோ, வாடை வந்தாலோ அதற்குப் பின் வேண்டாம். அதையும் சமையலறைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். பழைய பாட்டிலில் சேர்த்து வைத்தால், மறுசுழற்சிக்கு விலை கொடுத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நம் வடிகால்கள் போய்ச் சேருகிற இடம் கடல்.