மாஹேக்குப் புதுச்சேரி, வட்டவடைக்குத் திருவனந்தபுரம்

கேரள வரைபடத்தில் இரண்டு ஊர்களைத் தேடிப் பாருங்கள். மேற்கே கடலோரத்தில் மாஹே. பேசுவது மலையாளம், சுற்றிலும் கேரளம், ஆட்சி மட்டும் புதுச்சேரியினுடையது. கிழக்கே மலை விளிம்பில் வட்டவடை. வீட்டிலும் வயலிலும் தமிழ், மலைக்கு அந்தப் பக்கம் தேனியும் திண்டுக்கல்லும், ஆட்சி மட்டும் கேரளத்தினுடையது. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன நகரம் ஒன்று, பூண்டு விளையும் மலையூர் ஒன்று. பாலக்காடு வழியாக ஒரே பயணத்தில் இரண்டையும் பார்த்து வந்ததைச் சொன்னால் கேட்பவர்கள் முதலில் கேட்பது, “அதெப்படி அப்படி ஆச்சு?” என்றுதான். அதற்கான பதில் இது.

மாஹேயில் இருந்து தொடங்கலாம். ரயிலில் போகிறவர்களுக்கு முதல் வேடிக்கை நிலையத்திலேயே காத்திருக்கிறது. மாஹே என்று பெயர்ப்பலகை மாட்டிய ரயில் நிலையம் மாஹேயில் இல்லை. கோழிக்கோடு மாவட்டத்து அழியூரில் இருக்கிறது. இறங்கி ஆட்டோ பிடித்துக் கொஞ்ச தூரம் போனால்தான் புதுச்சேரி ஆட்சிப் பகுதி வரும். எல்லைக்கோட்டைக் கண்டுபிடிக்கப் பலகையே தேவையில்லை. அடுத்தடுத்து பெட்ரோல் பங்க், அதைத் தாண்டினால் வரிசையாக மதுக்கடை. வரி குறைவு என்பதால் அக்கம்பக்கத்து வண்டியெல்லாம் அங்கேதான் நிற்கும். வண்டி எண்ணில் ‘கே.எல்.’ மறைந்து ‘பி.ஒய். 03’ தலைகாட்டும். மொத்தப் பரப்பே சுமார் 9 சதுர கிலோமீட்டர்.

புதுச்சேரியின் மஞ்சள் சுவர்களையும் நேர்க்கோட்டுத் தெருக்களையும் மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். பிரெஞ்சு அடையாளம் இங்கே துண்டு துண்டாகத்தான் மிஞ்சியிருக்கிறது. மய்யழிப்புழை கடலில் கலக்கும் இடத்தில் தாகூர் பூங்கா. அதில் பிரெஞ்சுக் குடியரசின் சின்னமான மரியான் சிலை. நெடுஞ்சாலை ஓரத்தில் அவிலா புனித தெரேசா பேராலயம். 1736-இல் தொடங்கிய தேவாலயம் அது. அக்டோபர் திருவிழாவுக்குச் சாதி மதம் பாராமல் வடகேரளமே திரண்டு வரும். மற்றபடி சாப்பாடு, பேச்சு, வீட்டு முற்றம் எல்லாம் அசல் வடக்கு மலபார். கல்லுமக்காய் பொரித்துத் தரும் கடையில் பிரெஞ்சு வாசனை எதுவும் இல்லை. அது குறையும் இல்லை.

பிரெஞ்சுக்காரர்கள் இங்கே வந்தது மிளகுக்காக. 1721-இல் வடகரையை ஆண்ட வாழுன்னவரிடம் அனுமதி வாங்கிப் பண்டகசாலை போட்டார்கள். அதன் பிறகு ஐரோப்பாவில் பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் முட்டிக்கொண்டபோதெல்லாம் மாஹே கைமாறியது. 1761-இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள், 1765-இல் திருப்பிக் கொடுத்தார்கள், 1779-இல் மறுபடி பிடித்தார்கள். இந்த இரண்டாவது பிடிப்புதான் விஷயமானது. ஹைதர் அலிக்கு ஆயுதங்கள் வந்து இறங்கிய துறைமுகம் மாஹே. அதைத் தொட்டதை அவர் பொறுக்கவில்லை. அடுத்த ஆண்டே போர் மூண்டது. அந்தப் போரில் ஆங்கிலேயர் 1783-இல் கைப்பற்றிய கோட்டைகளில் ஒன்று, ஹைதர் 1766-இல் கட்டிய பாலக்காட்டுக் கோட்டை. இன்று பாலக்காட்டில் அகழியைச் சுற்றிக் காலைநடை போகிறவர்களுக்கு அந்தக் கடலோரத்துக் குட்டி ஊரோடு இப்படியும் ஓர் உறவு உண்டு.

1817-இல் மாஹே கடைசியாகப் பிரெஞ்சுக்காரர் கைக்குத் திரும்பி வந்தது. பிறகு 1954 வரை அவர்கள்தான். ஐ.கே.குமாரன் தலைமையில் மகாஜன சபை நடத்திய போராட்டத்தின் முடிவில் 1954 ஜூலை 16 அன்று பிரெஞ்சு நிர்வாகி கப்பலேறினார். அதே ஆண்டு நவம்பர் 1 அன்று புதுச்சேரி, காரைக்கால், ஏனாம், மாஹே நான்கின் நிர்வாகமும் இந்தியாவிடம் வந்தது.

சிக்கல் எங்கே என்றால், வந்தது நிர்வாகம் மட்டும்தான். சட்டப்படி உரிமை மாற்றிக் கொடுக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது 1956 மே 28 அன்று. பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் கொடுத்து அது நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16 அன்று. இந்த இடைவெளியில்தான், 1956 நவம்பர் 1 அன்று, மொழிவாரி மாநிலங்கள் பிறந்தன. மலபாரும் திருவிதாங்கூர்-கொச்சியும் சேர்ந்து கேரளம் ஆன நாளில், மாஹே காகிதத்தில் இன்னும் பிரான்சின் சொத்து. மறுசீரமைப்புச் சட்டத்தின் கத்தரி அதன் மேல் படவே முடியாது. ஒப்பந்தத்தில் இன்னொரு நிபந்தனையும் இருந்தது. இந்தப் பகுதிகளின் தனி நிர்வாக நிலையை மாற்றுவதானால் மக்களின் விருப்பத்தை அறிந்த பிறகே மாற்ற வேண்டும். நான்கு துண்டுகளும் ஒரே ஒன்றியப் பிரதேசமாக நீடிப்பதற்கு அடிப்படை இதுதான். 1963-இல் சட்டமன்றமும் வந்தது. அதில் இன்று மாஹேக்கு ஓர் உறுப்பினர்.

மொழி என்ன ஆனது? புதுச்சேரியின் 1965 ஆட்சிமொழிச் சட்டம் தமிழை ஆட்சிமொழி ஆக்கியபோதே மாஹேயில் மலையாளத்துக்கும் ஏனாமில் தெலுங்குக்கும் இடம் கொடுத்துவிட்டது. பள்ளிகளும் நெடுங்காலம் கேரளப் பாடத்திட்டத்தையே வைத்திருந்தன. ஆக, புதுச்சேரி ஆட்சியில் இருப்பதால் மாஹேக்காரர்கள் மொழியில் எதையும் இழக்கவில்லை. வரியில் லாபமும் பார்த்துக்கொண்டார்கள். கேரளத்தோடு சேர்ந்தால் ஏதோ ஒரு நகராட்சி, இப்படி இருந்தால் தனி நிர்வாகி, தனி உறுப்பினர். என்னைக் கேட்டால் அவர்கள் கணக்கு சரியான கணக்குதான்.

மாஹேயிலிருந்து ஷொர்ணூர் வழியாகப் பாலக்காடு. அங்கிருந்து பொள்ளாச்சிக்கு நேர்வழியில் போகாமல் சித்தூர், கொழிஞ்சாம்பாறை சுற்றிப் போனால் நிலம் மாறுவது கண்ணில் படும். பச்சை வயல் குறைந்து பனைமரம் கூடும். கேரளத்தில் அபூர்வமான கரிசல் மண் இங்கே உண்டு. மாநிலத்தின் பல கள்ளுக்கடைகளுக்குச் சரக்கு இந்த வட்டாரத்துத் தோப்புகளில் இருந்துதான் போகிறது. கொழிஞ்சாம்பாறை டீக்கடையில் உட்கார்ந்தால் எல்லை என்றால் என்ன என்று பாடம் எடுக்காமலே விளங்கும். கடைக்காரர் எனக்கு “சக்கரை போடலாமாண்ணா?” என்றார், லாரிக்காரரிடம் மலையாளத்தில் பாக்கி கேட்டார், உள்ளே இருந்த மகனைத் தமிழில் திட்டினார். மூன்றும் ஒரே மூச்சில்.

இந்தப் பகுதியின் பழைய கணக்கு வேறு. பாலக்காடு மதராஸ் மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. பக்கத்திலேயே சித்தூர் கொச்சி சமஸ்தானம். 1956-இல் இரண்டும் கேரளத்துக்குப் போயின. மொழியைவிட இங்கே அதிகம் பேசப்படுவது தண்ணீர். பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி தமிழ்நாடு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீரை மணக்கடவில் சித்தூர்ப்புழைக்கு விட வேண்டும். மழை பொய்த்த ஆண்டுகளில் இரண்டு பக்கமும் அளவு பார்ப்பது சொட்டுக் கணக்கில்தான். பரம்பிக்குளமோ கேரளக் காடு. ஆனால் அங்கே வண்டியில் போகும் சாலை பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத் தமிழ்நாட்டில்தான் இருக்கிறது.

உடுமலைப்பேட்டையில் இருந்து மறையூர் பேருந்து சின்னாறு சோதனைச்சாவடியைத் தாண்டும்போது ஜன்னல் பக்கம் உட்காருங்கள். கேரளம் என்றால் மழை என்று நினைப்பவர்களுக்கு முள்மரமும் காய்ந்த புல்லுமாக வேறொரு கேரளம் தெரியும். இது மழைமறைவுப் பகுதி. தென்மேற்குப் பருவமழையை ஆனைமுடியும் அதன் பக்கத்து மலைகளும் தடுத்துக்கொள்ள, இங்கே பெய்வது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மழைதான். பாம்பாறும் மேற்கே போகாமல் கிழக்கே திரும்பி அமராவதி அணைக்கு வந்து சேர்கிறது. மறையூரில் சந்தனக்காடு, பாறைப் பலகைகளை நிறுத்தி மூடிய முனியறைகள், 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற வெல்லம். பார்க்க ஒரு நாள் வேண்டும். அதை இங்கே விரிக்கவில்லை.

வட்டவடைக்குப் பேருந்தில் போகிறவர்கள் மூணாறுக்கு ஏறி, அங்கிருந்து டாப் ஸ்டேஷன் சாலையில் திரும்ப வேண்டும். அந்தப் பெயரே பழைய கதை. குண்டளைப் பள்ளத்தாக்கில் ஓடிய குட்டி ரயிலின் கடைசி நிலையம் அது. தேயிலைப் பெட்டிகள் அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டே கீழே கொட்டகுடிக்கு இறங்கி, போடிநாயக்கனூர் போகும். 1924-இல், மலையாளிகள் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் என்று சொல்லும் பெருவெள்ளம் ரயிலை அடித்துக்கொண்டு போனது. பிறகு அதை யாரும் போடவில்லை. டாப் ஸ்டேஷனைத் தாண்டினால் பாம்பாடும்சோலை தேசியப் பூங்கா. வண்டியை நடுவில் நிறுத்தக் கூடாது. காட்டை விட்டு வெளியே வந்ததும் கீழே பள்ளத்தாக்கு முழுக்கப் படிப்படியான வயல்கள். 5,000 அடிக்குக் குறையாத உயரம். பேருந்து நிற்கும் இடம் கோவிலூர்.

கோவிலூரில் கடைகளின் பலகையில் இரண்டு மொழியும் இருக்கும். காதில் விழுவது தமிழ். மதுரைப் பக்கம் போர்களுக்குத் தப்பி மலையேறிய குடும்பங்களின் வழிவந்தவர்கள் என்று ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி அடங்கிய அஞ்சுநாட்டிலும் இதே வாய்மொழிக் கதைதான். காட்டுக்குள் குடிகளில் வாழும் முதுவர்களும் தங்கள் பூர்வீகம் மதுரை என்றே சொல்கிறார்கள். வட்டவடையில் இன்றும் ஊர்ப் பொதுக்காரியங்களில் மன்னாடியார் போன்ற பழைய பட்டக்காரர்களின் சொல்லுக்கு மரியாதை உண்டு.

சாகுபடி கேரட், உருளை, பீன்ஸ், முட்டைகோஸ், எல்லாவற்றுக்கும் மேல் பூண்டு. பல் சிறிது, தோல் லேசான ஊதா, நகத்தால் கீறினாலே காரம் மூக்கில் ஏறும். ஒரு வீட்டு அடுப்புக்கு மேலே தண்டோடு கட்டிய பூண்டுக் கட்டுகள் புகையில் கறுத்துத் தொங்கின. விதைக்கு அப்படித்தான் வைப்பார்களாம். 2022-இல் காந்தளூர்-வட்டவடைப் பூண்டு என்றே புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த வீட்டு அம்மா சொன்னது நிலவரத்தை ஒரு வரியில் சொல்லிவிடும்: “பூண்டுக்கு விலை வடுகபட்டியில சொல்றாங்க தம்பி, பட்டாவுக்கு மட்டும் தேவிகுளம் போகணும்.” பெரியகுளத்துப் பக்கம் இருக்கும் வடுகபட்டி, பூண்டுச் சந்தைக்குப் பேர்போன ஊர். தேவிகுளம், வட்டவடை அடங்கிய தாலுகாவின் தலைமையிடம்.

சரி, இந்த ஊர் ஏன் தமிழ்நாட்டுக்கு வரவில்லை? பசல் அலி, குன்ஸ்ரு, பணிக்கர் மூவரும் இருந்த மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955-இல் அறிக்கை தந்தது. திருவிதாங்கூரின் தமிழ்த் தாலுகாக்களைக் கேட்டு நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. 1954 ஆகஸ்டில் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு வரை போன போராட்டம் அது. தெற்கே நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையும் கிடைத்தன. தேவிகுளமும் பீர்மேடும் கிடைக்கவில்லை. அங்கே தமிழர் அதிகம் என்பதை ஆணையம் மறுக்கவில்லை. ஆனால் அவர்களில் பலர் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து போகும் கூலிகள், நிலையான குடிகள் அல்ல என்றது. புதிய மாநிலத்தின் பொருளாதாரத்துக்கு அந்த மலைகள் தேவை என்பதும் சேர்ந்துகொண்டது.

தோட்டத் தொழிலாளர் விஷயத்திலேயே அந்த வாதம் வலுவானது அல்ல. தலைமுறை தலைமுறையாக லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களை வந்து போகிறவர் என்பது என்ன நியாயம்? வட்டவடைக்கோ அது கொஞ்சமும் பொருந்தாது. இவர்கள் தேயிலைச் செடி வருவதற்கு முன்பே வயல் வெட்டியவர்கள். ஆனால் ஆணையம் பார்த்தது தாலுகாவை, ஊரை அல்ல. மாஹேக்குக் கிடைத்த ‘மக்களின் விருப்பம்’ என்ற நிபந்தனை இங்கே யார் கையெழுத்திலும் இல்லை. ஒரு பக்கம் இரண்டு நாடுகளுக்கு இடையிலான ஒப்பந்தம், இன்னொரு பக்கம் உள்நாட்டுச் சட்டம் ஒன்று. வித்தியாசம் அங்கேதான்.

அதற்காக மொழியை முழுக்கக் கைவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் பகுதி அரசு அலுவலகங்களுக்குத் தாய்மொழியில் எழுதலாம், பதிலும் அதே மொழியில் பெறலாம் என்று கேரள ஆட்சிமொழிச் சட்டமே சொல்கிறது. தமிழ்வழிப் பள்ளிகள் இருக்கின்றன. 2021-இல் தேவிகுளம் தொகுதி உறுப்பினர் அ.ராஜா கேரளச் சட்டமன்றத்தில் தமிழில்தான் உறுதிமொழி எடுத்தார். ஆனாலும் மேற்படிப்பு, வேலை என்று போகிற பிள்ளைக்கு மலையாளம் வேண்டும். எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரிக்குப் படிக்கப் போய் 2018-இல் கொல்லப்பட்ட அபிமன்யு இந்த ஊர்ப் பையன்தான். அவர் நினைவாக வட்டவடையில் நூலகம் இருக்கிறது. அதை நிரப்பியவை பல இடங்களிலிருந்து ஆட்கள் அனுப்பிய புத்தகங்கள்.

ஊர்க்காரர்களின் இன்றைய கவலை மாநிலம் எது என்பதல்ல, நிலம் யாருடையது என்பது. கொட்டாக்கம்பூர், வட்டவடைப் பகுதியில் 2006-இல் குறிஞ்சிமலை சரணாலயம் அறிவித்தபோது 58, 62-ஆம் பிளாக்குகளில் எது பட்டா நிலம், எது காடு என்ற தகராறு தொடங்கியது, இழுத்துக்கொண்டே போனது. இதற்கு நடுவில் வெளியாட்கள் நட்ட கிராண்டிஸ் யூகலிப்டஸ் மரங்கள் ஊற்றுகளை உறிஞ்சிவிட்டன என்று விவசாயிகள் குமுறுகிறார்கள்.

போக நினைக்கிறவர்களுக்கு: மாஹேக்கு அக்டோபர், பேராலயத் திருவிழா நேரம். வட்டவடைக்கு மழை விட்ட எந்த மாதமும் சரி. பொழுது சாய்வதற்குள் பாம்பாடும்சோலையைக் கடந்துவிடுங்கள். நீலக்குறிஞ்சி 2018-இல் பூத்தது, அடுத்தது 2030. பூண்டு வாங்குவதானால் தண்டோடு முடிந்த கட்டாகக் கேளுங்கள். வழியோரக் கடைகளில் குவித்து வைத்திருக்கும் உதிரிப் பூண்டு எல்லாம் இந்த மலையில் விளைந்தது அல்ல.